வாயில் பொங்கும் நுரை: பெரொக்சைட் கொப்பளிப்பும் எங்கள் முரசு நோயும்

அக்குறணையில் இருக்கும் என் சாச்சியின் வீட்டுக் குசினி ஜன்னலில் மண்ணிறப் போத்தலொன்று ஐந்து மாதமாக இருந்தது. பல் துலக்கும்போது இரத்தம் வருகிறது, வாய் மணக்கிறது என்று அவர் சொல்லப்போக, பக்கத்து வீட்டில் காட்டிக்கொடுத்த கைமருந்து அது. பார்மசியில் துண்டு இல்லாமலே தருவார்கள். காயம் கழுவ வாங்குகிற அதே ஹைட்ரஜன் பெரொக்சைட்தான். சாச்சி அதை ஒவ்வொரு இரவும் இஷாவுக்குப் பிறகு கொஞ்சம் தண்ணீரில் கலந்து வாய் கொப்பளித்து வந்தார். நான் சந்தேகப்பட்டுக் கேட்டபோது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"மகள், இத வாயில விட்டா பால் பொங்குற மாதிரிப் பொங்குது. உள்ள கிருமி இல்லாமலா அப்பிடிப் பொங்குது? நல்ல மருந்துதான் ஈக்கி."

நான் தமிழ் படிப்பிக்கிறவள். மருந்தைப் பற்றிப் பேச எனக்குப் பட்டம் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பொங்குகிறதே, ஏன் பொங்குகிறது? விடை தேடிப் போனபோது அது எங்கள் பாடசாலை விஞ்ஞான கூடத்திலும், பூண்டுலோயாவின் தேயிலைத் தோட்டங்களிலும், பேராதனை பல் வைத்தியசாலையிலும் சிதறிக் கிடந்தது. நான் திரட்டியதை இங்கே எழுதுகிறேன். சாச்சியைப் போல எத்தனையோ பேர் இந்தப் போத்தலை நம்பியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

நம்புவதற்குக் காரணங்களும் உண்டு. கடையில் விற்கும் வாய் கொப்பளிக்கும் திரவங்களில் பலவற்றில் அல்ககோல் இருக்கிறது. அது வேண்டாம் என்று ஒதுங்கும் எங்கள் வீடுகளுக்கு அல்ககோல் இல்லாத பெரொக்சைட் நிம்மதியைத் தருகிறது. கொரோனா காலத்தில் உலகின் பல பல் சிகிச்சை நிலையங்களில், வாயைத் திறந்து பார்ப்பதற்கு முன்னர் நோயாளியை 1% பெரொக்சைட்டால் கொப்பளிக்கச் சொன்னார்கள். டொக்டரே தந்தது என்ற மதிப்பு அதற்கு அப்போது சேர்ந்தது. பிறகு 2022இன் நெருக்கடி வந்தது. மருந்து விலை ஏறிய அந்த நாட்களில், தனியார் கிளினிக்கில் ஒரு பல்லுக்கு ஆகும் செலவை நினைத்து எத்தனை பேர் வலியை விழுங்கிக்கொண்டு வீட்டில் இருந்தார்கள் என்பதை நாமே கண்டோம்.

நுரை சொல்வது என்ன?

எங்கள் பாடப்புத்தகங்கள் இதை ஐதரசன் பேரொட்சைட்டு என்கின்றன. பார்மசியில் அப்படிக் கேட்டால் விழிப்பார்கள், ஆகவே பெரொக்சைட் என்றே வைத்துக்கொள்வோம். 1818இல் பிரெஞ்சு இரசாயனவியலாளர் லூயி ஜாக் தெனார் இதைக் கண்டுபிடித்தார். தண்ணீரின் மூலக்கூறில் ஐதரசன் இரண்டு, ஒட்சிசன் ஒன்று. பெரொக்சைட்டில் ஒட்சிசன் இரண்டு. அந்த மேலதிக ஒட்சிசன் நிலையாக நிற்பதில்லை. வாய்ப்புக் கிடைத்ததும் கழன்று போகும், எஞ்சுவது வெறும் தண்ணீர். மங்கனீசு ஈரொட்சைட்டை இதில் போட்டு ஒட்சிசன் வாயு தயாரித்து, தணற்குச்சி பற்றியெரிவதைப் பார்த்த ஞாபகம் சாதாரண தரம் படித்த எல்லோருக்கும் இருக்கும்.

சாச்சியின் கேள்வியை எங்கள் விஞ்ஞான ஆசிரியையிடம் கொண்டுபோனேன். அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் இரண்டு உருளைக்கிழங்குத் துண்டுகளோடு வந்தார். ஒன்று பச்சை, மற்றது அவித்தது. இரண்டின் மேலும் பெரொக்சைட் சில சொட்டு விட்டார். பச்சைத் துண்டு வெள்ளையாகப் பொங்கியது. அவித்த துண்டு சும்மா நனைந்து கிடந்தது. பச்சைக் கிழங்கில் என்ன கிருமி இருந்தது, அவித்ததில் செத்துப்போனதா என்று கேட்டேன். சிரித்துவிட்டு விளக்கினார்.

உயிருள்ள கலங்களில் கற்றலேசு என்று ஒரு நொதியம் இருக்கிறது. பெரொக்சைட்டை உடைத்துத் தண்ணீராகவும் ஒட்சிசனாகவும் பிரிப்பதே அதன் வேலை. ஒரேயொரு கற்றலேசு மூலக்கூறு ஒரு செக்கனில் மில்லியன் கணக்கான பெரொக்சைட் மூலக்கூறுகளை உடைத்துவிடும். உருளைக்கிழங்கிலும் அது இருக்கிறது, எங்கள் இரத்தத்திலும் இருக்கிறது. செங்குருதிக் கலங்களில் ஏராளம். அவித்தால் நொதியம் கெட்டுவிடும், பிறகு பொங்காது. அவ்வளவுதான்.

வாயில் பொங்கும் நுரையின் பெரும்பகுதியை உண்டாக்குவது எங்கள் சொந்த உமிழ்நீரும், இரத்தமும், உதிர்ந்த தசைக் கலங்களும்தான். முரசிலிருந்து எவ்வளவு இரத்தம் கசிகிறதோ அவ்வளவு பொங்கும். சாச்சி கிருமி சாவதற்கான சாட்சியாக எடுத்துக்கொண்ட நுரை, முரசு புண்ணாகி இருக்கிறது என்பதற்கான சாட்சி. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பொங்கி முடிந்ததும் மருந்து தீர்ந்துவிட்டது. மிச்சம் தண்ணீர். வேலை செய்ய அதற்குக் கிடைத்த நேரம் மிகக் குறைவு.

அதற்காக இது வெறும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. முரசு நோயை உண்டாக்கும் பற்றீரியாக்களில் பல ஒட்சிசனைத் தாங்காதவை. காற்றுப் படாத இடுக்குகளில் வாழ்பவை. ஒட்சிசன் குமிழிகள் அவற்றுக்கு ஆகாது. குமிழிகள் எழும்போது ஒட்டியிருக்கும் அழுக்கும் செத்த தசையும் கழன்று வரும். முதலாம் உலகப் போரில் பதுங்குகுழிகளில் மாதக்கணக்காகக் கிடந்த படைவீரர்களுக்கு முரசு அழுகி, நாறி, தாங்க முடியாத வலியோடு ஒரு நோய் வந்தது. அந்த நோய்க்கு ஆங்கிலத்தில் பதுங்குகுழியின் பெயரே நிலைத்துவிட்டது. அப்படிப்பட்ட கடும் முரசு அழற்சிக்கும், பாதி முளைத்த ஞானப்பல்லைச் சுற்றி வீங்குவதற்கும், பிரஷை வைக்கவே முடியாத சில நாட்களுக்கு பல் வைத்தியர்கள் இன்றும் பெரொக்சைட் கொப்பளிப்பைச் சொல்வதுண்டு. கூடவே அவர்கள் செய்யும் சிகிச்சைக்கு அது ஒரு துணை.

அளவு

போத்தலில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரிய வேண்டும். 10 வொலியூம் என்றால் 3%. 20 வொலியூம் என்றால் 6%. ஒரு லீற்றர் திரவத்திலிருந்து எத்தனை லீற்றர் ஒட்சிசன் வெளிவரும் என்பதுதான் அந்த வொலியூம் கணக்கு. சலூன்களில் தலைமுடி நிறம் மாற்றப் பாவிக்கும் பெரொக்சைட்டில் 30, 40 வொலியூம் வகைகளும் உண்டு, அதாவது 9%, 12%. ஆலைகளில் துணி வெளுக்கப் பாவிப்பது 35% அல்லது அதற்கும் மேல். நிறத்தில் எல்லாம் ஒன்றே, பச்சைத் தண்ணீர் மாதிரி.

பிரித்தானிய மருந்து வழிகாட்டியில் நெடுங்காலமாக இருந்துவரும் அளவு இது: 6% பெரொக்சைட்டில் 15 மில்லிலீற்றர், அதாவது ஒரு மேசைக்கரண்டி. அதை அரைக் கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கலந்து இரண்டு மூன்று நிமிடம் வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். நாளைக்கு இரண்டு அல்லது மூன்று தடவை. கணக்குப் பார்த்தால் வாய்க்குள் போகும்போது அது ஏறத்தாழ 1%தான். 3% போத்தல் என்றால் குறைந்தது சம அளவு தண்ணீராவது சேர்க்க வேண்டும். கொப்பளிப்பதற்கென்றே 1.5% அளவில் தயாரித்து விற்கும் திரவங்களின் பெட்டியில், ஏழு நாளைக்கு மேல் வைத்தியரைக் கேட்காமல் பாவிக்க வேண்டாம் என்று எழுதியிருக்கும். எங்கள் சாச்சியின் ஐந்து மாதத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் பல் வெளுக்கும் பொருட்களுக்கு 2012 ஒக்டோபரிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறது. 0.1%க்கு மேல் பெரொக்சைட் இருந்தால் கடையில் நேரடியாக விற்க முடியாது. 6% வரை உள்ளதைப் பல் வைத்தியர் ஊடாகவே பெற வேண்டும், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு இல்லவே இல்லை. வெற்றிலைக் கறையைப் போக்கலாம் என்று போத்தலை அப்படியே பஞ்சில் நனைத்துப் பல்லில் தேய்ப்பவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை இங்கே குறிப்பிட்டேன்.

நோய் இருக்கும் இடம்

பல்லின் மேல் ஒவ்வொரு நாளும் ஒட்டும் மெல்லிய வழுவழுப்பான படலம்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். அது உணவு மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பற்றீரியாக்கள் தாமே கட்டிக்கொண்ட குடியிருப்பு. தேய்த்தால் போகும், கொப்பளித்தால் போகாது. ஆற்றுக் கல்லில் படிந்த பாசியின் மேல் எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் பாசி அப்படியே இருப்பதை மகாவலிக் கரையில் நின்று பார்த்திருக்கிறோம். அந்தப் படலம் தேய்க்கப்படாமல் கிடந்தால் உமிழ்நீரிலுள்ள கல்சியம் சேர்ந்து காரையாக இறுகும். பிறகு பிரஷுக்கும் மசியாது. முரசு பல்லை விட்டுக் கழன்று, நடுவே ஒரு பை உண்டாகும். சுகமான வாயில் அந்த இடைவெளி மூன்று மில்லிமீற்றருக்கு மேல் போகாது. நோய் முற்றினால் ஆறு, ஏழு, பத்து என்று ஆழமாகும். வேரைத் தாங்கும் எலும்பு கரைவது அந்தப் பையின் அடியில். வாயில் கொப்பளிக்கும் எந்தத் திரவமும் அந்த ஆழத்துக்கு இறங்குவதில்லை, விளிம்பில் நுரைத்துவிட்டுத் திரும்பிவிடும்.

ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டுப் பல் ஆராய்ச்சியாளர் 1965இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் பெயர்பெற்றது. சுகமான முரசுள்ள பன்னிரண்டு பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார். பத்து நாளிலிருந்து மூன்று கிழமைக்குள் எல்லோருக்கும் முரசு அழற்சி வந்தது. திரும்பவும் துலக்கத் தொடங்கியதும் ஒரு கிழமை அளவில் சுகமானது. மருந்து எதுவும் இல்லை.

அதே லோ தன் அடுத்த பெரிய ஆய்வுக்கு எங்கே வந்தார் தெரியுமா? எங்கள் மலைநாட்டுக்கு. 1970இல் பூண்டுலோயாப் பக்கத்து டன்சினன், ஹரோ என்ற இரண்டு தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைச் சோதிக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்குப் பல் சிகிச்சை என்பதே கிட்டியதில்லை, பிரஷ் பழக்கமும் இல்லை. 1985 வரை திரும்பத் திரும்ப வந்து அளந்தார்கள். சிகிச்சை எதுவும் இல்லாவிட்டால் முரசு நோய் தன்பாட்டில் எப்படி வளரும் என்பதை உலகம் அந்தத் தோட்ட லயன்களிலிருந்துதான் கற்றுக்கொண்டது. 1986இல் வெளிவந்த அந்தக் கட்டுரையை எந்த நாட்டுப் பல் வைத்திய மாணவரும் படிக்காமல் தாண்ட முடியாது. 2010இலும் மீண்டும் போய் எஞ்சியவர்களில் 75 பேரைச் சோதித்திருக்கிறார்கள். கண்டியிலிருந்து சில மணி நேரத் தூரத்தில், எங்கள் மொழி பேசும் தொழிலாளர்களின் வாயிலிருந்து பெறப்பட்ட அறிவு இது. எங்கள் பாடசாலைகளில் இதைப் பற்றி ஒரு வரி சொல்லப்படுவதாக நான் கேட்டதில்லை. சிகிச்சை கிட்டாத ஏழ்மையே அந்த ஆய்வுக்கு அவர்களைத் தகுதியாக்கியது என்பதை வாசிக்கும்போது மனசுக்குச் சங்கடமாகவும் இருந்தது.

அந்த ஆய்வின் முடிவில் எங்கள் கதைக்கு வேண்டியது ஒன்று இருக்கிறது. எல்லோர் பல்லிலும் படலமும் காரையும் நிறைந்திருந்தன. அநேகமாக எல்லோருக்கும் முரசு அழற்சி இருந்தது. ஆனால் அழிவு ஒரே வேகத்தில் நடக்கவில்லை. 8% பேருக்கு நோய் வேகமாக முற்றியது. 81% பேருக்கு நடுத்தர வேகம். மீதி 11% பேருக்கு அழற்சி இருந்தும் பல்லைத் தாங்கும் பகுதி அழியவே இல்லை. 45 வயதாகும்போது முதல் கூட்டத்தாரின் பல்லைச் சுற்றி சராசரியாக 13 மில்லிமீற்றர் பிடிமானம் போயிருந்தது, இரண்டாம் கூட்டத்தாருக்கு 7. பிரஷ் இல்லை, மருந்து இல்லை, ஆனாலும் பத்தில் ஒருவருக்குப் பல் உறுதியாகவே நின்றது. உடம்பின் அமைப்பு அப்படி.

"எதிர்வீட்டு நானா பத்து வருஷமா பெரொக்சைட்தான் கொப்பளிக்கிறார், ஒரு பல் ஆடுதா பாருங்க" என்று யாராவது சொல்லும்போது எனக்கு இப்போது அந்த 11% ஞாபகம் வருகிறது. அந்த நானா வெறும் தண்ணீரால் கொப்பளித்திருந்தாலும் அவருடைய பல் நின்றிருக்கலாம். அவரைப் பார்த்துப் பின்பற்றும் நாங்கள் அந்த 8% பேரில் ஒருவராக இருந்தால்?

ஒருவரை வைத்து முடிவெடுக்காமல் பலரை வைத்து ஒப்பிட்டுப் பார்த்ததும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் தேசிய பல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த போல் கீஸ் எழுபதுகளின் பிற்பகுதியில் ஒரு முறையைப் பிரபலப்படுத்தினார். அப்பச்சோடா, உப்பு, பெரொக்சைட் மூன்றையும் குழைத்து முரசோரத்தில் தேய்ப்பது. சத்திர சிகிச்சை இல்லாமலே முரசு சுகமாகும் என்ற பேச்சு பரவியது. வீட்டுக்கு வீடு அதைச் செய்தார்கள். உண்மையில் கீஸின் முறையில் வைத்தியர் காரையைச் சுரண்டி எடுப்பதும், நுணுக்குக்காட்டியில் கிருமிகளைப் பார்ப்பதும், தேவைப்பட்டால் நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பதும் சேர்ந்தே இருந்தன. ஊர் ஊராகப் போகும்போது அந்தப் பகுதிகள் உதிர்ந்துபோய்க் குழையல் மட்டும் மிஞ்சியது. கைமருந்துகளின் கதை எப்போதும் இப்படித்தான். பிறகு மினசோட்டா பல்கலைக்கழகத்தார் ஒரு பகுதியினருக்கு இந்தக் குழையலையும், மறுபகுதியினருக்கு வழமையான பற்பசையையும் பிரஷையும் கொடுத்து நான்கு வருடம் பார்த்தார்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

கெடுதி எங்கே?

நீண்ட நாள் பாவித்தால் நாக்கின் மேலுள்ள சிறு முளைகள் நீண்டு வளர்ந்து, மயிர் முளைத்த மாதிரிக் கறுத்துப்போகும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் நிறுத்தினால் மாறும். சாச்சிக்கு அது வந்திருந்தது. சீனி வருத்தத்துக்குக் குடிக்கும் கசாயத்தின் கறை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கலக்காமல் பாவித்தால் கன்னத்தின் உட்புறமும் முரசும் வெந்து வெள்ளையாகிவிடும், பல் கூசும்.

பல் பிடுங்கியவர்கள் முதல் நாள் எதையும் கொப்பளிக்கவே கூடாது. பல் இருந்த குழியில் உறையும் இரத்தக் கட்டிதான் காயத்துக்கு மூடி. அதைக் குமிழியால் கிளப்பிவிட்டால் எலும்பு வெறுமையாகி, பிடுங்கும்போது இல்லாத வலி அதற்குப் பிறகு வரும். ஒரு நாள் கழிந்தபின் இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரை மெதுவாக வாயில் வைத்துத் துப்பினால் போதும்.

சூத்தைப் பல்லின் வலிக்கும் இது மருந்தாகாது. ஓட்டை நரம்பு வரை போனபின் மேலே எதை ஊற்றினாலும் உள்ளே சீழ் வைத்துக்கொண்டே இருக்கும். வலி திடீரென்று நின்றுவிட்டால் சுகம் என்று எண்ண வேண்டாம், நரம்பு செத்திருக்கலாம். தாடைக்குக் கீழே வீக்கம், வாயைத் திறக்க முடியாமை, விழுங்கக் கஷ்டம், காய்ச்சல் என்று வந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது. சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சுக் குழாயையே அடைத்துவிடும். இரவென்றாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

எனக்குப் பெரும் பயம் தந்தது வேறொன்று. கடைப் போத்தல் சாய்ந்து கொட்டியதால் சாச்சி மிச்சத்தைத் தண்ணீர்ப் போத்தலொன்றில் ஊற்றி வைத்திருந்தார். வீட்டில் மூன்று வயதில் ஒரு பேரன். 3%, 6% திரவத்தை ஒரு வாய் விழுங்கினால் வயிறு பொங்கி வாந்தி வரும், தொண்டை எரியும். 35% என்றால் ஒரு மிடறே உயிருக்கு ஆபத்து. வெளிவரும் ஒட்சிசன் குமிழிகள் இரத்தக் குழாய்க்குள் போய் மூளைக்கு ஓடும் இரத்தத்தை மறித்துவிடலாம். தண்ணீர்ப் போத்தலில் இருப்பது எத்தனை வீதம் என்று எந்தக் குழந்தை கேட்கப்போகிறது? வெளிச்சம் பட்டால் பெரொக்சைட் தானாகவே பிரிந்து சக்தி இழக்கும். மண்ணிறப் போத்தலில் அடைப்பது அதற்காகத்தான். அதே போத்தலில், பெயர்த்துண்டோடு, கைக்கெட்டாத உயரத்தில் இருக்கட்டும். துப்பத் தெரியாத பிள்ளைகளின் வாயில் இதை விடவே கூடாது.

வெற்றிலை பற்றியும் சொல்லாமல் விட முடியாது. எங்கள் மூத்தும்மாமாரின் வட்டா இன்னும் பல வீடுகளில் காலியாகவில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் பாக்கைத் தனியாகவே, புகையிலை சேராமலே, மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருளாக வகைப்படுத்தியது. இலங்கை ஆண்களில் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். அது பெரும்பாலும் வலிக்காத ஒரு வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பாக, ஆறாத சிறு புண்ணாகத் தொடங்கும். அதன் மேல் மாதக்கணக்கில் பெரொக்சைட் கொப்பளித்து, வெள்ளையாவதைப் பார்த்து மருந்து பிடிக்கிறது என்று நினைத்தால் போகும் காலம் திரும்பி வராது. மூன்று கிழமையில் ஆறாத எந்தப் புண்ணையும் காட்டியே ஆக வேண்டும்.

மிஸ்வாக்கும் நோன்பும்

உம்மத்துக்குச் சிரமமாகிவிடும் என்று இல்லாவிட்டால் ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்யக் கட்டளையிட்டிருப்பேன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நாம் சிறு வயதிலேயே மதரசாவில் ஓதியிருக்கிறோம். அதன் தேய்க்கும் தன்மையை நாம் கவனிப்பதில்லை. மிஸ்வாக் ஒரு திரவமல்ல, நார்க் குச்சி. படலத்தைத் தேய்த்து எடுப்பது அதன் வேலை. அந்த மரம் சங்கப் பாடல்களில் உகாய் என்று வருகிறது. பாலை நிலத்து மரம். எங்கள் நாட்டின் வறண்ட கரையோரங்களிலும் வளர்கிறது. முன்பற்களை மட்டும் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு சட்டைப்பையில் போடாமல், கடைவாய்ப் பல்லின் உட்புறம் வரை மெதுவாகத் தேய்த்தால், நுனியை அடிக்கடி வெட்டிப் புதிதாக்கினால், பிரஷுக்குச் சமமாகவே வேலை செய்யும். முரசோரத்தில் அழுத்தித் தேய்த்தால் முரசு மேலே ஏறிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

நோன்பு மாதத்தில் பல பேர் பல்லை மறந்துவிடுகிறார்கள். ஷாபிஈ மத்ஹபில் நோன்பாளி சூரியன் உச்சி சாய்ந்த பிறகு மிஸ்வாக் செய்வது மக்ரூஹ். அதை நாள் முழுதும் துலக்கக் கூடாது என்று விளங்கிக்கொண்டு, சஹர் முடிந்ததும் கொப்பளித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். இரவும் சஹர் நேரமும் தாராளமாக இருக்கின்றன. பல் சிகிச்சையைப் பெருநாளுக்குப் பிறகு என்று தள்ளுபவர்களுக்கு ஒன்று: சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1997இல் ஜித்தாவில் கூடியபோது, தொண்டைக்குள் போவதை விழுங்காமல் பார்த்துக்கொண்டால் வாய் கொப்பளிப்பதும், பல்லைத் துளைப்பதும், பிடுங்குவதும், சுத்தம் செய்வதும் நோன்பை முறிக்காது என்று தீர்மானித்தது. மனசுக்குத் தயக்கம் இருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். ஆனால் நுரைத்துத் தொண்டைக்கு ஏறும் பெரொக்சைட்டை நோன்போடு பகலில் கொப்பளிக்க எந்த அவசியமும் இல்லை.

அகஸ்டா குன்று

சாச்சியைச் சம்மதிக்க வைக்க ஒரு மாதம் பிடித்தது. பல்லைக் காட்டினால் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். அக்குறணையிலிருந்து கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து பேராதனைக்கு இன்னொன்று. அகஸ்டா குன்றில் பல் வைத்திய பீடத்தோடு சேர்ந்த போதனா வைத்தியசாலை இருக்கிறது. இலங்கையில் பல் வைத்தியக் கல்வி 1943இல் கொழும்பில் தொடங்கி 1954இல் பேராதனைக்கு வந்தது. இப்போதைய கட்டடத் தொகுதி ஜப்பானிய உதவியோடு 1998இல் எழுந்தது. நாட்டின் மற்ற மூலைகளிலிருந்து இரவு பஸ் பிடித்து இங்கே வருகிறார்கள். அரை மணி, ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய எங்களுக்குத்தான் அதன் அருமை தெரியவில்லை. காலையில் நேரத்தோடு போக வேண்டும், வரிசை நீளம். பொறுமையும் வேண்டும். ஆசிரியர்களின் கண்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை செய்வதால் ஆறுதலாகத்தான் நடக்கும். காசு கட்ட வேண்டியதில்லை.

மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லையும் சுற்றி அளந்தார்கள். கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டில் ஆறும் ஏழும் மில்லிமீற்றர். எத்தனை நாளாக இரத்தம் வருகிறது என்று கேட்ட இளம் டொக்டர், பெரொக்சைட் கதையைக் கேட்டுக் கோபப்படவில்லை. "அம்மா, இது மேல்வாசலக் கூட்டுறது. குப்பை உள்ளறையில இருக்கு" என்றார். பிறகு இரத்தத்தில் சீனி பார்த்து வரச் சொன்னார். சாச்சி வருடக்கணக்காகக் கசாயம்தான் குடித்து வந்தார், சோதனை எதுவும் செய்ததில்லை. முடிவு வந்தபோது வீட்டில் எல்லோரும் பேச்சிழந்து போனோம். சீனி கட்டுப்பாடில்லாமல் இருந்தால் முரசு விரைவாக அழியும், முரசில் சீழ் இருந்தால் சீனி இறங்க மறுக்கும், இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் என்று டொக்டர் விளக்கினார். ஐந்து மாதமாக முரசு சொல்லிக்கொண்டிருந்த சேதி அது. நாங்கள் நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான்கு தடவை போய் காரை எடுத்தார்கள். ஒரு பல்லைக் காப்பாற்ற முடியவில்லை, மற்றது நிற்கிறது. சீனிக்கு இப்போது கிளினிக் கொப்பியும் மாத்திரையும் இருக்கின்றன. இரவு துலக்கும்போது இரத்தம் வருவதில்லை. மண்ணிறப் போத்தலை நான் எடுத்துப் போக வந்தபோது சாச்சி தர மறுத்துவிட்டார். உடுப்பில் படும் இரத்தக் கறைக்கு அது நல்லதாம். அதில் அவர் சொல்வது சரி. அலுமாரியின் மேல்தட்டில், பெயர்த்துண்டோடு வைத்திருக்கிறார்.